உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும்

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் உளுந்தஞ்சோற்றுக்கு எள்ளுத் துவையல்தான் ஜோடி. வேறு எதையாவது தொட்டுக்கொள்ள வைத்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஏன் இந்த ஜோடி என்று யாரும் கேட்டதும் இல்லை, சொன்னதும் இல்லை. போன வருஷம் எங்கள் மதினி வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட பிறகுதான், அதில் ருசியைத் தவிர வேறொரு கணக்கும் இருப்பது எனக்குப் பிடிபட்டது.

மதினி என் கணவரின் அக்கா. வயது அறுபத்திரண்டு. பாளையங்கோட்டையில் எங்களோடுதான் இருக்கிறார். கட்டுப் பிரித்து இரண்டு மாசமாகியும் கையில் பலமே வரவில்லை. டாக்டரம்மா விசாரித்துவிட்டு, "சாப்பாட்டில் புரதம் பத்தாது" என்றார். முட்டை, மீன் எதையும் தொடாதவர் மதினி. மறுநாளே என் மகன் ஒரு டப்பா புரத மாவு வாங்கி வந்துவிட்டான். விலையைக் கேட்ட மதினி, "ஏல, இந்தத் துட்டுக்கு ஒரு மாச உளுந்து வாங்கிப் போடலாம்லா!" என்றார்.

வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் பேச்சில் விஷயம் இருந்தது.

புரதம் என்பது ஒரே பொருள் இல்லை. இருபது வகை அமினோ அமிலங்களைக் கோத்த சரம் அது. அதில் ஒன்பதை நம் உடம்பால் தயாரித்துக்கொள்ள முடியாது. லைசின், மெத்தியோனைன், டிரிப்டோபேன், த்ரியோனைன், லூசின், ஐசோலூசின், வாலின், ஃபினைல் அலனைன், ஹிஸ்டிடின் என்று வாயில் நுழையாத பெயர்கள்! த்ரியோனைனை 1935-ல் கண்டறிந்து சொன்னவர் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்த வில்லியம் ரோஸ். பிறகு தம் மாணவர்களுக்கே மாவுச்சத்தும் சர்க்கரையும் கொழுப்பும் கொடுத்து, கூடவே தனித்தனியாகப் பிரித்த அமினோ அமிலங்களைச் சேர்த்து, ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தாராம். பாவம் அந்தப் பிள்ளைகள், என்ன ருசியைக் கண்டிருப்பார்கள்!

கதம்பம் தொடுக்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மல்லிகையும் கனகாம்பரமும் கூடை நிறைய இருந்தாலும், மரிக்கொழுந்து தீர்ந்துவிட்டால் கதம்பம் அதோடு நின்றுவிடும். மிச்சப் பூ வீண். உடம்பும் அப்படித்தான். ஒன்று குறைந்தால், மற்றவற்றைச் சதை வளர்க்கப் பயன்படுத்த முடியாமல் வெறுமனே எரித்துவிடுகிறது.

அரிசியில் தீர்ந்துபோகிற மரிக்கொழுந்து லைசின். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் லைசின் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மதினி 50 கிலோ. அப்படியானால் 1,500 மில்லிகிராம். அவர் ஒரு நாளில் சாப்பிடுகிற அரிசி 200 கிராம் இருக்கும். அதில் கிடைப்பது சுமார் 500 தான். மூன்றில் ஒரு பங்கு! உளுந்திலோ லைசின் தாராளம். 50 கிராம் உளுந்திலேயே ஏறக்குறைய 800 மில்லிகிராம் வந்துவிடும். ஒரு டம்ளர் பாலோ தயிரோ சேர்ந்தால் கணக்கு நேராகி, மிச்சமும் விழும். உளுந்துக்குக் குறை மெத்தியோனைன். அது எள்ளில் நிறைய, அரிசியிலும் ஓரளவு உண்டு. எள்ளுக்கு லைசின் குறைவு. ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது. தாமிரபரணித் தண்ணீரில் விளைந்த நெல்லும், கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் காட்டு உளுந்தும் ஒரே பானையில் வேகிறதை இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

(நல்லெண்ணெயில் புரதம் உண்டா என்று கேட்காதீர்கள். செக்கில் ஆட்டியதும் அது பிண்ணாக்கோடு போய்விடுகிறது. மாடு கொடுத்து வைத்தது!)

எங்கள் வீட்டில் பருப்பில்லாத நாளே கிடையாது. பிறகு மதினிக்கு மட்டும் எப்படிக் குறைந்தது? நாலு நாள் அவர் தட்டில் விழுந்ததை ஒரு நோட்டில் குறித்தேன். சோறு, ரசம், மோர், அப்பளம். சாம்பார் என்று பெயருக்கு, மேலே நிற்கும் தெளிவும் இரண்டு முருங்கைக்காய்த் துண்டும். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் உட்காருவார். அதற்குள் கரண்டி பானையின் அடிவரை போய் வந்திருக்கும். அவருடைய ஆச்சி சொல்லி வளர்த்ததாம்: "பருப்பு ஆம்பளையளுக்கும் பிள்ளையளுக்கும். நமக்கு ரசம் போதும்ளா." எத்தனை வீடுகளில் இன்றும் இந்தச் சட்டம் நடக்கிறதோ!

நான் சமைத்து இறக்கியதும் மதினியின் பங்கை முதலில் ஒரு சம்படத்தில் எடுத்து வைத்தேன். "அவியளுக்குப் பத்தாமப் போயிரும்ளா" என்று அதைத் திரும்பப் பானையில் கொட்டிவிட்டார். லைசின் கணக்கெல்லாம் எடுபடவில்லை. கடைசியில் என் கணவர்தான், "அக்கா, இனிமே நீ உக்காந்தாத்தான் நானும் உக்காருவேன்" என்று தட்டைத் தள்ளிவைத்தார். தம்பி பட்டினி கிடப்பதை எந்த அக்கா பொறுப்பாள்? அன்றிலிருந்து எல்லோரும் ஒன்றாகத்தான் உட்காருகிறோம். கைக்குப் பயிற்சியும் தவறாமல் செய்தார். மூன்று மாசத்தில் தேங்காய் துருவ ஆரம்பித்துவிட்டார்.

உளுந்தஞ்சோறு தினமும் முடியாது. அவசியமும் இல்லை. ஒன்பதும் ஒரே வேளையில் சேர வேண்டும் என்று முன்பு சொல்வார்கள். ஒரே நாளுக்குள் வந்து சேர்ந்தால் போதும் என்பதுதான் இப்போதைய கருத்து. காலையில் இட்லி, மத்தியானம் கெட்டிப் பருப்பு, சாயங்காலம் ஒரு கை சுண்டல், இரவில் பால் என்றால் போதும்.

செய்முறை தெரியாத சகோதரிகளுக்காக: நாலு பேருக்கு 400 கிராம் அரிசி, 200 கிராம் தொலி உளுந்து, ஒரு கை பூண்டு, கொஞ்சம் வெந்தயம், சீரகம், தேங்காய்த் துருவல். உளுந்தை வாசனை வருமளவு மட்டும் வறுங்கள். கருக வறுத்தால் முதலில் கெடுவது லைசின்தான். துவையலுக்கு எள்ளைப் படபடவென்று பொரிந்ததும் இறக்கி, வற்றல் மிளகாய், புளி, உப்பு, பெருங்காயத்தோடு அரையுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

எங்கள் வீட்டு டப்பா பாதியில் நிற்கிறது. அதில் ஒன்பதும் இருக்கத்தான் செய்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. சாப்பிடவே முடியாமல் படுத்திருப்பவர்களுக்கு உதவும். புரட்டாசியில் விதைத்த கரிசல் உளுந்து தை வாக்கில் கடைக்கு வந்துவிடும். அப்போது தொலியோடு வாங்கி, இரண்டு வெயில் காயவைத்து எடுத்து வையுங்கள்.