மீனை ஏமாற்றும் கட்டை மீன்... பெட்டிக்குள் எத்தனை நாள் தாங்கும்?

ஹெல்சிங்கியிலிருந்து வடக்கே காரில் ஒன்றரை மணி நேரம் போனால் வேக்ஸி என்ற சிற்றூர் வருகிறது. ஒரு பக்கம் பின்லாந்தின் இரண்டாவது பெரிய ஏரியான பையான்னே, மறுபக்கம் வெசியார்வி ஏரி. இரண்டையும் இணைக்க 1871-ல் திறந்த கால்வாய் ஊருக்கு நடுவே ஓடுகிறது. இரு ஏரிகளின் நீர்மட்டத்துக்கும் சுமார் 3 மீட்டர் வித்தியாசம். அதனால் வருகிற படகுகள் மதகுக்குள் நுழைந்து, தண்ணீர் ஏறும் வரையோ இறங்கும் வரையோ காத்திருக்க வேண்டும். கோடையில் கரையோரம் நின்று இதை வேடிக்கை பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு.

தூண்டில் போடுகிறவர்களுக்கு இந்த ஊரைத் தெரிந்திருப்பதற்குக் காரணம் வேறு. உலகம் முழுக்க மீன்பிடி கடைகளில் தொங்கும் ‘ராப்பலா’ என்ற செயற்கை இரை பிறந்தது இந்த ஏரிக்கரையில்தான்.

லாரி ராப்பலா ஏழை மீனவர். 1905-ல் பக்கத்துச் சிஸ்மாவில் பிறந்தவர். அந்தப் பெயரே தற்செயலாக வந்தது. தாயும் பிள்ளையும் இந்தப் பகுதிக்குக் குடிவந்தபோது, அவர்களுடைய குடும்பப் பெயர் பாதிரியாருக்கு ஞாபகம் வரவில்லையாம். அவர்கள் புறப்பட்டு வந்த கிராமத்தின் பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டார் என்பது குடும்பத்துக் கதை. ‘ராப்பா’ என்றால் ஃபின்னிஷ் மொழியில் சேறு!

நீளமான கயிற்றில் நூற்றுக்கணக்கான முட்களைக் கட்டி, ஒவ்வொன்றிலும் சின்ன மீனைக் குத்தி ஏரியில் விடுவதுதான் அவர் தொழில். படகில் இருந்தபடி அவர் கவனித்த ஒன்று, எல்லாவற்றையும் மாற்றியது. பெரிய மீன் கூட்டத்துக்குள் பாயும்போது, நேராக நீந்துகிற குஞ்சுகளை விட்டுவிட்டு, லேசாகத் தள்ளாடுகிற ஒன்றைத்தான் குறிவைக்கிறது. அடிபட்டது, சுலபமாகச் சிக்கும் என்று அதற்குத் தெரிகிறது.

1936-ல் தக்கையை எடுத்து, செருப்பு தைக்கும் கத்தியால் செதுக்கி, தள்ளாடுகிற மீனைச் செய்தார். செதில் போல மினுக்க, சாக்லேட் சுற்றிய தகரத்தாள். மேலே பூச வார்னிஷ் இல்லை. பழைய புகைப்பட நெகட்டிவ்களை உருக்கிப் பூசினார்.

அந்தக் கடைசிப் பூச்சைக் கவனிக்க வேண்டும். தக்கைக்குள் தண்ணீர் இறங்கினால் எடை கூடும். எடை கூடினால் தள்ளாட்டம் போய்விடும். தள்ளாடாத கட்டை மீனை எந்த மீனும் சீண்டாது. அந்தக் காலத்து நெகட்டிவ்களில் பல, ஈரமும் சூடும் பட்டால் தானே மஞ்சளித்துப் பிசுபிசுத்துப் போகிற ரகம் என்பது வேறு விஷயம். ஆக, ‘எத்தனை நாள் தாங்கும்?’ என்ற கேள்வி இந்த இரையோடு கூடவே பிறந்தது.

1962 ஆகஸ்டில் அமெரிக்காவின் ‘லைஃப்’ பத்திரிகை இந்தக் கட்டை மீனைப் பற்றி எழுதியது. மர்லின் மன்றோ மறைந்த நேரம். அவர் படம் அட்டையில் வந்த இதழ் அது. விற்பனை கேட்கவா வேண்டும், ஆர்டர்கள் மலைபோலக் குவிந்தன. தக்கை போய் பால்சா மரம் வந்தது.

பால்சா பஞ்சு போல லேசான மரம். பாறையில் மோதியோ, மீனின் பல் பட்டோ மேல்பூச்சில் மயிரிழை விரிசல் விட்டால் போதும், தண்ணீர் உள்ளே போய் மரம் ஊதிவிடும். அனுபவசாலிகள் வீட்டுக்கு வந்ததும் விரிசல் பார்த்து, நன்றாக உலரவிட்டு, நிறமில்லாத நகப்பூச்சை ஒரு சொட்டு தடவுகிறார்கள். நகப்பூச்சு தீர்ந்துபோன மர்மத்துக்குப் பல வீடுகளில் இதுவே விடை!

ஈரத்தோடு பெட்டியில் போட்டு மூடுவதுதான் பெரிய தவறு. ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டியை விட்ட மாதிரி, ஒன்றின் ஈரம் பெட்டி முழுக்கப் பரவும். ஒரு முள் துருப்பிடித்தால் பக்கத்து முள்ளும் துருப்பிடிக்கும். கடலில் பயன்படுத்தியது என்றால் முதலில் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, ‘சாப்பிடாதே’ என்று எழுதிய சிலிக்கா பொட்டலம், அதில் இரண்டைப் பெட்டிக்குள் போட்டு வைத்தால் நல்லது.

“மரம்தானே கெடும், பிளாஸ்டிக் கெடாதே” என்று நினைப்பவர்களுக்கு ஒரு பாடம் காத்திருக்கிறது. புழு வடிவில் வரும் ரப்பர் போன்ற இரைகள் பெரும்பாலும் பி.வி.சி.யில் செய்தவை. கொழகொழவென்று இருக்க அதில் ஓர் எண்ணெய்ப் பொருளைக் கலக்கிறார்கள். அது சும்மா இருப்பதில்லை, மெல்லக் கசிகிறது. பக்கத்தில் கெட்டிப் பிளாஸ்டிக் மீன் இருந்தால் அதன் பெயின்ட்டைக் கரைக்கும். சாதாரணப் பிளாஸ்டிக் டப்பாவின் அடியையே இளக்கிவிடும். சிவப்புப் புழுவும் வெள்ளைப் புழுவும் ஒன்றாகக் கிடந்தால், சாயம் போகிற புடவையை வெள்ளை வேட்டியோடு ஊறவைத்த கதைதான். வேறு வகை ரப்பர் இரையோடு கலந்து வைத்தால் இரண்டும் உருகி ஒரே களியாகிவிடும். அதனால், வாங்கிய உறையிலேயே, நிறம் பிரித்து, வகை பிரித்து வைப்பது உத்தமம்.

உறை மடங்கினால் புழுவும் மடங்கிவிடும். கொதித்த நீரில் சில நொடி முக்கி, நேராக்கி, குளிர்ந்த நீரில் போட்டால் பழைய வடிவம் திரும்பும். வாசனைச் சாற்றில் ஊறி வரும் நீர்ச்சத்துள்ள இரைகளுக்கு இந்த வைத்தியம் எடுபடாது. மூடி திறந்து கிடந்தால் அவை காய்ந்த மிளகாய் போலச் சுருங்கிக் கெட்டியாகிவிடும்.

பின்லாந்தில் கோடை குறுகியது. பெட்டியை நிழலில் வைத்தாலே போதும். நம் ஊரில் தூண்டில் போடுகிறவர்கள் மே மாத வெயிலில் நிற்கும் காருக்குள் பெட்டியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. உள்ளே சூடு 50 டிகிரியைத் தாண்டும். அலமாரியில் ஆண்டுக்கணக்கில் இருக்கக்கூடிய இரையை ஒரே மதியம் கெடுத்துவிடும்.

கிழிந்த ரப்பர் புழுவைத் தண்ணீரில் வீசிவிடுவது பலருக்கும் பழக்கம். மீன் அதை விழுங்கினால் செரிக்காது, வயிற்றிலேயே கிடக்கும். பையான்னேயில் அப்படி வீசுவதற்கு முன் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். வேக்ஸி இருக்கும் அசிக்காலா பகுதியிலிருந்துதான் பாறைக்குள் குடைந்த சுமார் 120 கிலோமீட்டர் சுரங்கம் புறப்படுகிறது. 1982-ல் முடிந்த அந்தச் சுரங்கம் வழியாக, இந்த ஏரியின் தண்ணீர் ஹெல்சிங்கி வட்டாரத்தின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுடைய குழாய்களுக்குப் போகிறது. கிழிந்த புழுவுக்குப் படகிலேயே ஒரு பழைய டப்பாவை ஒதுக்கி வைத்துக்கொண்டால், கரைக்கு வந்ததும் குப்பைத் தொட்டியில் கொட்டிவிடலாம்.