கோட்டின் நிறம்

என் தம்பியின் திருமண வரவேற்புக்கு எந்நிறத்தில் கோட்டுச் சூட்டுத் தைப்பதென்று எங்கள் வீட்டில் மூன்று நாட்கள் விவாதம் நிகழ்ந்தது. கறுப்பு அமங்கலம் என்றார் அம்மா. மணமகளின் சேலைக்குச் சாம்பலே பொருந்தும் என்றாள் தங்கை. கருநீலமே கண்ணியம் என்று தீர்ப்புக் கூறியவன் நான்.

முகூர்த்தத்துக்குரிய உடை பட்டு வேட்டியும் சால்வையும் தலைப்பாகையுமே. கோட்டு மாலையில் சில மணி நேரத்துக்கு மட்டும். யாழ்ப்பாணத்து வெக்கையில் அது வெறும் வேதனை. 1927இல் காந்தியடிகள் இம்மண்ணுக்கு வந்ததையும், அக்கால இளைஞர் கதர் உடுத்ததையும் வகுப்பறையில் உணர்ச்சியோடு எடுத்துரைப்பவன் நான். ஆயினும் தையற்கடையில் அந்நினைவு எனக்கு எழவில்லை.

துணி தெரிவாயிற்று. "காசு யார் கட்டுவது?" என்றார் தையற்காரர்.

வாசலில் நின்ற பெண்ணின் தந்தை உள்ளே வந்து, மடியிலிருந்து பணத்தை எடுத்து எண்ணினார். வெங்காயம் விற்ற பணம். விரலிடுக்குகளில் தோட்டத்துச் செம்மண் இன்னும் இருந்தது. மூன்று நாட்களாக வீடெங்கும் அபிப்பிராயம் கேட்ட நாங்கள், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டோமில்லை. காணியும் நகையும் வாங்கினால் சீதனம் என்கிறோம். இதற்கு 'மாப்பிள்ளை உடுப்பு' என்று மரியாதையான பெயர் சூட்டியிருக்கிறோம்.

தம்பி அவர் கையைத் தடுத்தான். "அண்ணா, உங்கள் கோட்டு அலுமாரியில்தானே கிடக்கிறது? அதைத் திருத்தித் தைத்தால் போதும்."

தலையசைத்தேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் அதை வாங்கித் தந்தவர் என் மாமனார். அதன் நிறத்தை நான் விரும்பித் தெரிந்தேன், விலையைக் கேட்டதேயில்லை.