திருகோணமலையிலிருந்து திரும்பியவர்கள்

ஸ்ரீபெரும்புதூர் என்றால் இன்று சிப்காட்டும் கார் கம்பெனிகளும்தான் பேச்சு. அந்தக் கம்பெனிகளுக்கு முந்தைய ஸ்ரீபெரும்புதூரை நினைவூட்டுவது, நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள ராஜீவ் காந்தி நினைவிடம். 1991 மே 21 இரவு அங்கே நடந்த அவரது கொலையின் வேரைத் தேடிப் படித்தேன். 1999-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இலங்கைக்குப் போன இந்திய அமைதிப் படையிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது. படை போன கதை பலமுறை எழுதப்பட்டுவிட்டது. திரும்பிய கதைதான் சிதறிக் கிடக்கிறது.

1987 ஜூலை 29 அன்று பிரதமர் ராஜீவும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போர் மூண்டது. 1989 ஜூனில், அடுத்து அதிபரான பிரேமதாசா, ஜூலை இறுதிக்குள் வெளியேறச் சொன்னார். நான்கு டிவிஷன்கள், பல்லாயிரம் பேர், டாங்கிகள், லாரிகள். இவ்வளவையும் இரண்டு மாதத்தில் அள்ளிக்கொண்டு வர முடியாது. பேச்சு நீண்டது. வி.பி. சிங் அரசு வந்தபின் 1990 மார்ச் 31 கெடுவானது. அம்பாறையில் தொடங்கி ஒவ்வொரு மாவட்டமாகக் காலிசெய்து, கடைசியில் திருகோணமலையில் குவிந்தார்கள். பெரிய கப்பல்களும் உள்ளே வந்து நிற்கக்கூடிய ஆழமான இயற்கைத் துறைமுகம் அது. கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே, மார்ச் 24-ல், கடைசி அணி அங்கிருந்து கப்பலேறியது.

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை கேட்டில் செக்யூரிட்டியாக இருந்த முன்னாள் படைவீரர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "மெட்ராஸ்ல இறங்குனோம், ரயில்ல ஏத்தி விட்டாங்க சார். ஊருக்குப் போனா, 'எத்தனை தமிழனைக் கொன்னே'ன்னு கேட்டாங்க" என்றார். மேலே பேசவில்லை.

ஊர் கேட்டதையே தமிழக அரசும் வேறு விதமாகச் சொன்னது. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்று முதல்வர் கருணாநிதி சென்னைத் துறைமுகத்துக்குப் போகவில்லை. அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் அந்தப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே போரில் இந்திய வீரர்கள் 1,100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வெளியேறச் சொன்ன இலங்கையே பிற்காலத்தில் அவர்களுக்குக் கொழும்பை அடுத்த கோட்டேயில் நினைவுச்சின்னம் எழுப்பியது.

முதல்வர் போகாதது சரியா தவறா என்று முப்பது வருடத்துக்கு மேலாக வாதிட்டுவிட்டோம். என் பார்வையில், படையை அனுப்பிய முடிவு டெல்லியுடையது. அதன் பழியைக் கப்பலிலிருந்து இறங்கிய சிப்பாய் தலையில் மட்டும் கட்டியது நியாயமில்லை. அதற்காக யாழ்ப்பாணத்தில் செத்தவர்களை மறப்பதும் நியாயமில்லை. அந்தப் படையில் இருந்தவர்கள் இன்று அறுபதைத் தொட்டோ தாண்டியோ இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் இருந்தால், உட்கார வைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். அகதியாக வந்த ஈழத்தமிழர் பக்கத்தில் இருந்தால் அவரிடமும் கேளுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் அது வரலாறு.