உலக்கையும் அமுதசுரபியும்

புதிதாகப் புகைப்படக் கருவி வாங்கியிருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் அண்மையில் எங்களைத் தேடி வந்தார். கோயில்களையும் நடுகற்களையும் படமெடுக்க விரும்புகிறவர். கையிலிருக்கும் பணத்துக்கு ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும். அகலக் காட்சி முதல் தொலைக் காட்சி வரை எல்லாவற்றையும் தன்னுள் அடக்கிய ஒற்றை ஜூம் லென்ஸை வாங்குவதா, தொழில்முறைக் கலைஞர்கள் சுமக்கும் கனத்த லென்ஸைப் பழையதாகத் தேடி வாங்குவதா என்று கேட்டார். எளிய கேள்விதான். ஆனால் நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று ஏதோ சுருக்கமாகச் சொல்லி அனுப்பிவிட்டோம். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

2006-ஆம் ஆண்டு நாங்கள் நால்வரும் பணம் போட்டு ஒரு டிஜிட்டல் கருவி வாங்கினோம். ஆறு மெகாபிக்சல் என்பதே அன்று எங்களுக்குப் பெரிய செல்வம். அதனுடன் வந்தது 18 முதல் 200 மில்லிமீட்டர் வரை நீளும் ஒரு லென்ஸ். இவ்வகை லென்ஸ்களுக்கு அப்போதே ஒரு வரலாறு இருந்தது. 35 மி.மீ. நிழற்படக் கருவிக்கான முதல் ஜூம் லென்ஸாகிய ஃபோக்ட்லாண்டர் ஜூமார் 1959-இல் வந்தது. 36-இலிருந்து 82 வரைதான் அதன் வீச்சு. 1992-இல் டாம்ரான் நிறுவனம் 28-இலிருந்து 200 வரை நீளும் லென்ஸைக் கொண்டுவந்தபோது, பை நிறைய லென்ஸ்கள் சுமந்த பயணிகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர். 2005-இல் நிக்கான் நிறுவனம் அதிர்வு தடுக்கும் அமைப்புடன் 18–200 லென்ஸை அறிவித்தது; எடை 560 கிராம். நாங்கள் வாங்கியது அதுவன்று. வேறொரு நிறுவனத்துடையது, அதிர்வு தடுப்பு இல்லாதது, ஆகவே விலை குறைந்தது. அள்ள அள்ளக் குறையாதது என்பதால் அதற்கு அமுதசுரபி என்று பெயரிட்டோம்.

அதன் அருமையைக் குறைத்துச் சொல்வது நன்றிகெட்ட செயலாகும். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் பெரியபுராணக் காட்சிகளைச் சிறு சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். குனிந்து அவற்றை எடுத்துவிட்டு, நிமிர்ந்து விமானத்தின் மேல்தளத்தையும் எடுக்க வேண்டும். லென்ஸைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் புழுதி கருவிக்குள் புகுந்து உணரியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு படத்திலும் வானத்தில் ஒரு கரும்புள்ளி. அமுதசுரபியை மாட்டியவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

குறைகளும் உண்டு. ஒரே கண்ணாடித் தொகுதியை அகலக் காட்சிக்கும் தொலைக் காட்சிக்கும் பணிய வைக்கும்போது ஒவ்வொரு முனையிலும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். 18-இல் அதிட்டானத்தின் நேர்கோடுகள் பீப்பாயின் பக்கம்போல் வெளிப்புறம் வளையும். அருகிலுள்ள பொருளை 200-இல் எடுத்தால், அந்த எண்ணுக்குரிய பெருக்கம் கிடைக்காது. கீழ்நோக்கிப் பிடித்தால் குழாய் தன் எடையால் தானே நீண்டு இறங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒளி. 200-இல் இந்த லென்ஸின் அதிகபட்சத் திறப்பு எஃப் 5.6 அல்லது அதற்கும் குறைவு. தொழில்முறை லென்ஸுக்கோ எஃப் 2.8. 200-ஐ 2.8-ஆல் வகுத்தால் 71. அத்தனை மில்லிமீட்டர் விட்டமுள்ள வாசல் வழியே ஒளி நுழைகிறது. 5.6-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 36. விட்டம் பாதியானால் பரப்பு கால்பங்கு. நான்கு மடங்கு ஒளிக்காகத்தான் அந்தக் கண்ணாடியும் அந்தக் கனமும் அந்த விலையும்.

இவையெல்லாம் எங்களுக்கு அப்போதே ஏட்டளவில் தெரியும். கல்லளவில் தெரிந்தது 2007-ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறையில்.

செங்கம் வட்டாரத்தில் பல்லவர் கால நடுகற்கள் மிகுதி. 1970களின் தொடக்கத்திலேயே தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றைத் தேடித் தொகுத்து நூலாக்கியிருக்கிறது. தொகுப்பில் இடம்பெறாத கல் ஏதேனும் அகப்படுமா என்ற ஆசையில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தோம். வழக்கமாக எங்களுடன் வரும் புலவர் ஐயா அன்று வரவில்லை; முழங்கால் வலி. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வட்டெழுத்தைத் தடவிப் பார்த்தே படிக்கக்கூடியவர். பொழுது சாயும் நேரத்தில், ஒரு சிற்றூர் ஏரிக்கரையின் சரிவில், சீமைக்கருவேலம் புதருக்குள் அந்தக் கல்லைக் கண்டோம். இடுப்பளவு உயரம். வில்லேந்திய வீரன். அவன் தலைக்கு மேல் தொடங்கிய எழுத்து, வலப்பக்கமாக இறங்கி, கால் வரை வந்தது. மேலே ஆழமான வெட்டு. கீழே போகப் போகத் தேய்ந்து மெலிந்த கீறல்.

நாங்கள் கரைமேல் சாலையோரத்தில் நின்றிருந்தோம். எங்களில் ஒருவர் குழாயைத் திருகி 200-க்குக் கொண்டுவந்தார். கல் அப்படியே சட்டத்தை நிறைத்தது. ஐந்தாறு படங்கள். கருவியின் பின்னாலிருந்த சிறு திரையில் எல்லாம் தெளிவாகவே தோன்றின. மறுபடி வருவோம் என்று பேசிக்கொண்டு கிளம்பினோம்.

படத்தைப் பெரிதாக அச்சிட்டு ஐயாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இத்தகைய கல்வெட்டுகளுக்கு ஏறத்தாழ ஒரே ஒழுங்கு உண்டு. முதலில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும். பிறகு நிகழ்ச்சி, பெரும்பாலும் தொறு எனப்படும் ஆநிரையைக் கவர்ந்ததும் மீட்டதும். இறுதியில்தான் பட்டு வீழ்ந்தவன் பெயரும் அவன் கல் என்ற முடிப்பும். ஐயா அச்சுப்படத்தைக் கீழே வைத்தார்.

“ராஜா பேரு இருக்கு, வருஷம் இருக்கு, தொறு இருக்கு. செத்தவன் பேரு மட்டும் இல்ல. இதுக்கு மேல உங்க கண்ணாடி படிக்கல, தம்பி.”

கடைசி இரண்டு வரிகள் சாம்பல் நிறத் தடவலாக இருந்தன. இறுதியில் ‘ன் கல்’ என்பது மட்டும் உறுதி. இன்னொரு முறை போய்ப் பார்த்துவிடலாம் என்றோம். வேலை, மழை, வீட்டில் ஒரு திருமணம் என்று நாள் தள்ளிப்போயிற்று. செப்டம்பரில் போனபோது ஏரிக்கரைச் சாலையை அகலப்படுத்தியிருந்தார்கள். புதர் இல்லை, சரிவும் இல்லை. மண்ணோடு சேர்த்து இயந்திரம் தள்ளியிருக்கும் என்றார் டீக்கடைக்காரர். இரண்டு நாள் தேடினோம். ஐயாவும் வலியோடு வந்து கரையோரம் ஊன்றுகோலால் தட்டிப் பார்த்தபடி நடந்தார். கிடைக்கவில்லை.

ஒருவன் பெயர் அழிந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஓர் ஊர் கல் நட்டது. ஆயிரத்து நானூறு ஆண்டு அளவுக்கு அந்தக் கல் வெயிலிலும் மழையிலும் தன் வேலையைச் செய்தது. கடைசியில் அதைப் பார்த்த வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. அந்தப் பெயரை நாங்கள் கொண்டுவரவில்லை.

பழி முழுவதையும் அமுதசுரபியின் மேல் சுமத்தினோம். பதின்மூன்று மாதம் சேமித்து, 2008-இல், தொழிலை விட்டுக்கொண்டிருந்த திருமணப் புகைப்படக்காரர் ஒருவரிடமிருந்து 70–200, எஃப் 2.8 லென்ஸை வாங்கினோம். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. கையில் வாங்கிப் பார்த்த ஐயா, “இது உலக்கை” என்றார். அதுவே அதன் பெயராயிற்று.

உலக்கை எங்களுக்குத் தந்தது பெரிது. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானச் சுவரில் மேல்வரிசை முழுவதும் வில்லேந்திய திரிபுராந்தகர் வடிவங்கள் திரும்பத் திரும்ப வரும். கீழிருந்து பார்ப்பவருக்கு அவை ஒன்றுபோலத் தோன்றும். உலக்கையை மாட்டிய கருவியைத் தூக்கிக்கொண்டு சுற்றி ஓட முடியாது. ஆகவே பிராகாரத்தில் அமர்ந்து, ஒளி பக்கவாட்டில் விழும் வேளைக்காகக் காத்திருந்தோம். ஒரு மணி நேரத்தில் எடுத்த படங்கள் நான்கோ ஐந்தோ. ஆனால் நிற்கும் நிலையும் கைகளின் அமைவும் சிற்பத்துக்குச் சிற்பம் மாறுவதை அன்றுதான் கண்டோம். “இப்பத்தான் பாக்க ஆரம்பிச்சிருக்கீங்க” என்றார் ஐயா.

உலக்கை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டதும் உண்டு. எங்களில் ஒருவருக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம். அவர் அதைத் தொடுவதையே விட்டுவிட்டார். புள்ளமங்கைக் கோயிலின் அடித்தளத்தில் சாண் அளவுக்கும் சிறிய இராமாயணச் சிற்பங்கள் இருக்கின்றன. ஒன்றரை மீட்டருக்குள் இருக்கும் எதையும் தெளிவாக்க இயலாத உலக்கை அங்கே திணறியது. நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சரத்துக்குப் பாறை ஏறிய நாளில் அது வண்டியிலேயே தங்கிவிட்டது. அதன்பின் பல பயணங்களில் வீட்டை விட்டே கிளம்பவில்லை. வீட்டுப் பெட்டியிலிருக்கும் எஃப் 2.8, மலைமேல் இருக்கும் எஃப் 5.6-க்கு ஈடாகாது.

சில ஆண்டுகள் கழித்து, பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்தும்போது எங்களில் ஒருவர் அந்த நடுகல் படத்தின் விவரங்களை எடுத்துப் பார்த்தார். 200 மி.மீ., எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 800, 1/20 நொடி. கையில் பிடித்து எடுக்க, எங்கள் கருவியின் சிறிய உணரிக்கு 1/300 நொடியாவது வேண்டும் என்பது பழைய விதி. உலக்கை இருந்திருந்தால் 1/80 கிடைத்திருக்கும். அதுவும் அந்த விதிக்குப் போதாது. அதிலுள்ள அதிர்வு தடுப்பு ஓரளவு காப்பாற்றியிருக்கலாம். ஆனால் அவ்வளவு அகலமான திறப்பில் தெளிவின் ஆழம் மிகக் குறைவு. முன்பக்கம் புடைத்து, ஓரங்களில் பின்வாங்கும் கல்லில் ஒரு வரி தெளிந்தால் இன்னொன்று மங்கும்.

பிறகு அவர் ஒன்று சொன்னார். அதற்குப் பின் வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை. கல் ஓடும் பொருள் அன்று. முக்காலியில் நிறுத்தி, திறப்பை எஃப் 8-க்குச் சுருக்கி, போதிய நேரம் ஒளி விட்டிருந்தால் அமுதசுரபியே ஒவ்வொரு கீறலையும் கொண்டுவந்திருக்கும். பக்கத்திலிருந்து சாய்வாக டார்ச் விளக்கு அடித்திருந்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் கொண்டு எழுந்திருக்கும். முக்காலியும் டார்ச்சும் அன்று காரில்தான் இருந்தன. இவை எதுவும் இல்லாவிட்டாலும், சரிவில் பத்தடி இறங்கி, முள்ளை விலக்கி, எழுத்தை விரலால் தடவித் தாளில் வரைந்துகொண்டு வந்திருக்கலாம். ஐயா அதைத்தான் செய்திருப்பார்.

நாங்கள் ஏன் இறங்கவில்லை? இறங்கத் தேவையில்லை என்று நினைத்தோம். குழாயைத் திருகினால் கல் எங்களிடம் வந்தது. வந்துவிட்ட ஒன்றை நோக்கி நாம் நடப்பதில்லை. அமுதசுரபியின் மெய்யான குறை எஃப் எண்ணில் இல்லை. எல்லாம் கைக்கு எட்டிவிட்டது என்ற எண்ணத்தை அது தருவதில் இருக்கிறது. அந்த எண்ணத்தை வளர்த்துக்கொண்டது நாங்கள், லென்ஸ் அன்று. தஞ்சையில் உலக்கை எங்களுக்குச் செய்த நன்மையும் ஒளியால் மட்டும் வந்ததன்று. அதன் கனம் எங்களை உட்கார வைத்தது. மனம் வைத்திருந்தால் கனமின்றியும் உட்கார்ந்திருக்கலாம்.

ஆகவே அந்த மாணவருக்கு எங்கள் விடை இது. ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் எல்லாம் அடங்கிய லென்ஸையே வாங்குங்கள். இன்று அதிர்வு தடுப்பு இருக்கிறது. குறைந்த ஒளியில் கருவிகள் 2006-ஐவிடப் பன்மடங்கு நன்றாகப் பார்க்கின்றன. வளைந்த கோடுகளை மென்பொருள் நிமிர்த்திவிடும். மிஞ்சும் பணத்தில் உறுதியான முக்காலியும் ஒரு டார்ச்சும் வாங்குங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் முக்காலிக்கு முன் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். இன்னும் மிஞ்சினால் 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் ஒன்று. எடை குறைவு, விலையும் குறைவு. அது நீளாது என்பதால் நீங்கள் நடக்க வேண்டியிருக்கும். கனத்த லென்ஸ் எதற்கு வேண்டும் என்பது சில ஆண்டுகளில் உங்களுக்கே தெரியும். அதுவரை பொறுங்கள்.

ஐயா 2013-இல் மறைந்தார். மங்கிய படங்களைத் தெளிவாக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் வந்தபின், எங்களில் ஒருவர் அந்தப் படத்தை அதற்குள் இட்டுப் பார்த்தார். கூர்மையான எழுத்துகள் வந்தன. ஒவ்வொரு முறையும் வேறு எழுத்துகள். அவை கல்லில் இருந்தவை அல்ல. இருந்திருக்கலாம் என்று இயந்திரம் எண்ணியவை. வேறு யாருடைய பெயரையோ அந்த வீரனுக்குச் சூட்ட எங்களுக்கு மனமில்லை. அழித்துவிட்டோம்.

ஐயாவின் குறிப்பேடு எங்களிடம்தான் இருக்கிறது. அந்தக் கல்லின் வாசகத்தை அவர் தம் கையால் படியெடுத்திருக்கிறார். அரசன், ஆண்டு, தொறு எல்லாம் இருக்கின்றன. கடைசி வரியில், சிதைந்த எழுத்துகளுக்கு இடுவதுபோல் புள்ளிகள் வைத்து, ஒரு பெயருக்குப் போதிய இடம் விட்டு, ‘ன் கல்’ என்று முடித்திருக்கிறார்.