ஞாயிறுதோறும் மலைநாட்டில்

வெளியூரார் மலைநாட்டுக்குப் பெருந்திரளாய் வருவது சித்திரை மாதத்தில்தான். நுவரெலியாவின் வசந்தகாலக் கொண்டாட்டத்தை நாடி வருவோர் ஒரே நாளில் யாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவர். ஹட்டனில் ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு அத்தகைய அவசரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாமும் நம் துணைவியாரும் கட்டுச்சோற்றுடன் பஸ் ஏறிவிடுவோம். வாரத்துக்கு ஓர் இடம் என்பதே நமது திட்டம். செலவும் சொற்பமே.

ஹட்டன் கடைவீதியே ஒரு நாட் பொழுதுக்குப் போதும். சம்பளத்தை அடுத்து வரும் ஞாயிறன்று, சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து அரிசி, மா, கருவாடு, பிள்ளைகளுக்குக் கொப்பி என்று வாங்குவார்கள். ஒருபுறம் மாணிக்கப் பிள்ளையார் கோயில் மணி ஒலிக்கும். மார்கழி முதல் வைகாசி வரை சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர்களும் இவ்வூரில் வந்து கூடுவர். உச்சியிலுள்ள பாதச்சுவட்டைச் சைவர் சிவபெருமானுடையதென்பர், பௌத்தர் புத்தருடையதென்பர், இஸ்லாமியர் ஆதமுடையதென்பர். பல சமயத்தாரும் ஒரே படிகளில் ஏறுவது கண்ணுக்கு இனிய காட்சி.

ஹட்டனிலிருந்து தலவாக்கலை செல்லும் வழியில் டெவன், சென் கிளயர் என்னும் நீர்வீழ்ச்சிகள் உள்ளன. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012-இல் இயங்கத் தொடங்கியபின் சென் கிளயரில் முன்போல நீர்ப்பெருக்கு இல்லை. ஆயினும் அங்கு இறங்காமல் செல்ல மனம் வராது. அங்கே சாலையோரத் தேநீர்க் கடையில் கொழுந்தெடுக்கும் மூதாட்டி ஒருவரைச் சந்தித்தோம். “தினமும் இந்த அருவியைப் பார்க்கக் கொடுத்து வைத்தவர் நீங்கள்” என்றார் நம் துணைவியார். மூதாட்டி சிரித்தார். “எங்கங்கம்மா பாக்குறது! கூடையோட எறங்கையில கால் வைக்கிற எடத்தத்தானே பாக்கணும்” என்றார்.

அச்சொல்லுக்குப் பின் நமது பார்வையே வேறாயிற்று. பச்சைக் கம்பளம் என்று நாம் புகழும் மலைச்சரிவு, வழுக்கும் பாதையும் அட்டைக்கடியும் நிறைந்த வேலைக்களம். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்தே ஒரு கிலோ தேயிலை கிடைக்கிறது. அத்தனையும் விரல்களால் கிள்ளிச் சேர்த்தது.

1867-இல் ஜேம்ஸ் டெயிலர் என்பவர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழிக்கவே, மலையெங்கும் தேயிலை பரவியது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர்களே காடு வெட்டினர், சாலை அமைத்தனர். தொடக்க காலத்தில் மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தவர்களுள் நோயால் மாண்டோர் பலர். நாட்டை வளப்படுத்திய இம்மக்களுள் மிகப் பலர் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தனர். 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது; உற்றார் உறவினர் பிரிந்தனர். எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கச் சட்டம் பிறந்தது 2003-இல்தான்.

நுவரெலியாவில் நாம் விரும்பிச் செல்லும் இடங்கள் மூன்று. செங்கல்லால் ஆன பழைய தபாற்கந்தோர் ஒன்று. ஆளுநர் கிறகரியின் காலத்தில், 1873-இல் அமைந்த வாவி மற்றொன்று. மூன்றாவது, சிங்கோனாப் பயிருக்காக 1861-இல் தொடங்கப்பெற்ற ஹக்கலைப் பூங்கா. கொய்னா மருந்துக்குரிய பட்டையைத் தருவது சிங்கோனாதான். பூங்காவுக்குப் போகும் வழியில் சீதா எலியவில் சீதையம்மன் கோயில் உண்டு. ஓடைக்கரையில் அமர்ந்து கட்டுச்சோற்றை உண்டபின் வீடு திரும்புவோம்.

மலைநாட்டுக்கு வரும் குடும்பத்தாருக்கும் மாணவர்களுக்கும் நாம் சொல்வது ஒன்றே. அருவியையும் வாவியையும் கண்குளிரக் காணுங்கள். அத்துடன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, தோட்டத்து மக்களுடன் அமர்ந்து பேசுங்கள். அவர்கள் வாழும் லயங்களையும் பாருங்கள். பல குடும்பங்கள் இன்றும் அந்தச் சிற்றறைகளிலேயே வாழ்கின்றன. அவர்களைக் காணாதவர் மலைநாட்டில் பாதியைத்தான் கண்டவராவர்.