பதிவேட்டில் ஒரு சொல்

வீட்டுக்கொரு வரலாறு உண்டு. அதில் நாம் விரும்பிச் சொல்லும் பகுதி ஒன்று. சொல்லாது விடும் பகுதி மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே மாலையில் எதிர்ப்பட்ட செய்தியைச் சங்க அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

பெங்களூரில் எங்கள் தமிழ்ச் சபையார், திருவருகைக் காலத்துச் சனிக்கிழமை ஒன்றில் குடும்ப வரலாற்று மாலை நடத்தினர். குடும்பந்தோறும் முன்னோர் படங்களையும் பழைய வேதாகமங்களையும் கொணர்ந்து, வம்ச வரலாற்றை அட்டையில் எழுதி, ஆலய மண்டபத்தில் வைக்கவேண்டும் என்பது ஏற்பாடு.

சபையாரிற் பெரும்பாலோர் கோலார் தங்கவயல் வழி வந்தவர்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கப் பணியைத் தொடங்கியபின், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் சென்று குடியேறின. 1902-இல் சிவசமுத்திரத்து மின்சாரம் அவ்வயலை எட்டியது. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்றும் பலர் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு நாள்தோறும் வேலைக்கு வந்து திரும்புகின்றனர்.

எங்கள் அட்டையில் பாட்டனார் பெயரின் கீழ், ‘சுரங்க அலுவலகக் கணக்கர்’ என்று அழகாக எழுதியிருந்தோம். தந்தையார் எங்களுக்குச் சொன்னது அது. நாங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னதும் அதுவே. பெண் பார்க்கச் சென்ற வீடுகளிலும் அதையே சொன்னோம்.

தங்கவயலின் பழைய ஆலயமொன்றின் ஞானஸ்நானப் பதிவேட்டுப் பக்கங்களை ஆயர் படியெடுத்து வந்திருந்தார். குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், குடியிருப்பு, தகப்பன் தொழில், ஞானஸ்நானம் கொடுத்தவர் எனக் கட்டங்கள். எங்கள் மகள் தன் தாத்தாவின் பெயரைக் கண்டுபிடித்து, விரலை வரிமேல் ஓட்டினாள். தொழிற் கட்டத்தில் ‘கூலி’ என்றிருந்தது.

“கணக்கர் என்றீர்களே அப்பா?” என்றாள். சுற்றி நின்றோர் காதிலும் விழுந்தது. எங்களுக்கு மறுமொழி தோன்றவில்லை.

அருகிலிருந்த முதியவர் ஒருவர், தங்கவயலில் எங்கள் வீட்டு வரிசையிலேயே குடியிருந்தவர், எழுந்து வந்தார். “தம்பி, உங்கள் பாட்டனாரும் என் தகப்பனாரும் ஒரே கூண்டில் கீழே இறங்கினவர்கள். பாறைத் தூள் நெஞ்சில் படிந்து, இருமி இருமியே போனார் அவர். சம்பளத்தன்று கடைக் கடனைத் தீர்த்து மிச்சம் இருந்தால், உங்கள் அப்பாவுக்குப் பலப்பம் வாங்கிக்கொண்டுதான் வீடு வருவார்” என்றார்.

சற்று நின்று, “பள்ளியில் உங்கள் அப்பாவைக் ‘கூலி மகன்’ என்றே கூப்பிட்டார்கள்” என்றும் சொன்னார்.

எங்கள் தந்தையார் பொய்யுரைக்கும் இயல்பினர் அல்லர். இந்த ஒன்றை மட்டும் ஏன் மாற்றிச் சொன்னார் என்பது அப்பொழுதே விளங்கிற்று. அவர் சுமந்த வெட்கத்தை ஆராயாமலே நாங்களும் சுமந்து வந்திருக்கிறோம். அதற்குள் பாட்டனாரின் உழைப்பும் இருமலும் பலப்பமும் மறைந்துபோயின.

அன்று ஆயர் மத்தேயு முதலதிகாரத்தின் வம்ச வரலாற்றை எடுத்துப் பேசினார். அரசர் வரிசை நடுவே தாமார், ராகாப், ரூத் என்னும் பெயர்களும் விலக்கப்படாது நிற்பதைக் காட்டினார். பலமுறை கேட்ட அதிகாரந்தான். அன்றுதான் அது எங்களுக்கு எட்டியது.

கூட்டம் முடியுமுன் அட்டையைத் திருத்தினோம். ‘சுரங்கத் தொழிலாளி’ என்றெழுதப் பேனாவை எடுத்தோம். “பதிவேட்டில் உள்ளபடியே எழுதுங்கள்” என்றாள் மகள். ‘கணக்கர்’ மீது கோடு கிழித்து, ‘கூலி’ என்று எழுதினோம். அந்த அட்டை, கோடு கிழித்தபடியே, இப்பொழுது எங்கள் கூடத்தில் இருக்கிறது.

அன்பர்களே, உங்கள் இல்லத்துப் பெரியோர் இருக்கும்போதே கேட்டு வையுங்கள். வேதாகமத்தின் முன்னேட்டையும், ஆலயத்தின் ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எங்களுக்கு அந்த முதியவர் இருந்தார். பதிவேட்டில் தொழில் மட்டுமே இருந்தது. பலப்பம் வாங்கி வந்ததைச் சொல்ல அவர் ஒருவரே எஞ்சியிருந்தார்.