டின்னில் இருந்த வார்த்தை

1971-ல் எனக்கு இருபது வயது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஒரு பெயின்ட் கடையில் கணக்கு எழுதச் சேர்ந்திருந்தேன். கிடங்கில் தின்னர் டின்களின் மேல் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று சிவப்பில் அச்சடித்திருக்கும். ‘ஃப்ளேம்’ என்றால் தீச்சுடர், அது தெரியும். ‘கரெக்ட்’டுக்கு எதிர்ப்பதம் ‘இன்கரெக்ட்’. ஆகவே இது தீப்பிடிக்காத சரக்கு! இலக்கணம் படித்த திமிர்.

ஒரு நாள் மாலை கரண்ட் போய்விட்டது. ஒழுகிக்கொண்டிருந்த டின் பக்கத்தில் நின்று தீக்குச்சியை உரசப் போனேன். மூட்டை தூக்கும் பெரியவர் பாய்ந்து வந்து கையைத் தட்டிவிட்டார். “நெடி தெரியலையா தம்பி?” என்றார். அவருக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

அன்றிரவே அகராதியைப் புரட்டினேன். ‘எளிதில் தீப்பற்றக்கூடிய’ என்று போட்டிருந்தது. தீ மூட்டுவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல்லாம். அந்த ‘இன்’ மறுப்பதற்கு வந்ததல்ல. டாக்டர்கள் சொல்லும் ‘இன்ஃப்ளமேஷன்’, அதாவது அழற்சி, அதற்கும் இதே வேர்தான். தீப்பிடிக்காததற்கு ‘நான்-ஃப்ளேமபிள்’ என்று எழுத வேண்டும்.

என்னைப் போல் குழம்பியவர்கள் அமெரிக்காவிலும் உண்டு போலிருக்கிறது. அங்கே தீத்தடுப்புச் சங்கத்தார் ‘இன்’னை வெட்டிவிட்டு வெறும் ‘ஃப்ளேமபிள்’ என்றே எழுதச் சொன்னார்கள். நம் டேங்கர் லாரிகளின் முதுகில் இன்னும் பழைய சொல்லைப் பார்க்கிறேன். பார்த்தால் ஸ்கூட்டரைச் சற்றுப் பின்தங்கியே ஓட்டுவேன்.